சூரசம்ஹாரத்துக்கு 'லீவு' கிடைக்குமா? சிங்கப்பூரில் திருச்செந்தூர் குடும்பங்களின் திருநாள் கணக்கு

திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம் களைகட்டும் நேரம் மாலை சுமார் 4½ மணி. அப்போது சிங்கப்பூரில் மணி 7. துபாயில் பிற்பகல் 3. லண்டனில், குளிர்காலக் கடிகாரப்படி, காலை 11.

முருகன் வேல் எறிவது ஒரே நேரத்தில்தான். பார்க்கிற பக்தனின் கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு!

துபாய்க்காரர் அப்போது வேலையில் இருப்பார். லண்டன்காரருக்கு அன்றைய ஆபீஸ் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். சிங்கப்பூர்க்காரர் பாடு கொஞ்சம் தேவலை. ஆபீஸ் விட்டு எம்.ஆர்.டி. ரயிலில் நின்றபடியே செல்போனில் பார்த்துவிடுவார். யானைமுகன் போய், சிங்கமுகன் போய், சூரன் மாமரமாகி, சேவலும் மயிலுமாக மாறுவதற்குள் அவர் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிடும்.

திருச்செந்தூர், காயாமொழி, ஆறுமுகநேரி, உடன்குடி, காயல்பட்டினம், மணப்பாடு என்று இந்தக் கடலோரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொழும்பு, மலேயா, சிங்கப்பூர் என்பது அந்தக் காலம். துபாய், லண்டன், அமெரிக்கா என்பது இந்தக் காலம்.

முன்பெல்லாம் ஆண்பிள்ளை மட்டும் போவார். குடும்பம் ஊரில் இருக்கும். இப்போது மனைவி, மக்களோடு போய்க் குடித்தனம் நடத்துகிறார்கள். குடித்தனம் போன இடத்துக்குத் திருநாளும் கூடவே போக வேண்டும் அல்லவா?

அங்கேதான் சிக்கல். ஊரில் திருநாளை நிர்ணயிப்பது பஞ்சாங்கம். அங்கே நிர்ணயிப்பது 'லீவு லிஸ்ட்'!

கப்பல் காலம்

கப்பல் காலத்தில் இந்தக் கவலையே இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறினால் சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். 1970களின் தொடக்கத்தில் ரஜூலாவுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அடுத்து 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985-ல் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்தக் கடல் வழிப் பயணமும் முடிந்தது.

போனால் நாலைந்து வருடம் கழித்துத்தான் திரும்புவார்கள். "இந்தச் சஷ்டிக்கு வருவியா?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். வந்த அன்றைக்குத்தான் வீட்டில் திருநாள்.

இப்போது சிங்கப்பூரில் இருந்து திருச்சிக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரத்தில் திருச்செந்தூர். தூரம் குறைந்துவிட்டது. லீவுதான் குறைச்சல்!

சிங்கப்பூர் சட்டப்படி வேலையில் சேர்ந்த முதல் வருடம் சம்பளத்தோடு கிடைக்கும் லீவு 7 நாள். வருடத்துக்கு ஒரு நாள் கூடி, 14 நாள் வரை போகும். அதற்கு மேல் தருவது கம்பெனியின் மனசு. 7 நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் போனால் மிச்சம் 5. சஷ்டி விரதமோ 6 நாள்! கோவில் மண்டபத்தில் தங்கி ஆறு நாளும் விரதம் இருப்பது என்பது அவர்களுக்கு நினைத்துப் பார்க்கத்தான் முடியும்.

16-ல் இருந்து 11

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். 1968-ல் விடுமுறை நாட்களை 16-ல் இருந்து 11 ஆகக் குறைத்தார்கள். பிரிட்டிஷ் படை வெளியேறப் போகிறது, நாடு பிழைக்க வேண்டுமானால் கூடுதலாக உழைக்க வேண்டும் என்ற காலம் அது. தைப்பூசம், மிலாது நபி, ஈஸ்டர் திங்கள் எல்லாம் பட்டியலில் இருந்து போயின. இந்துக்களுக்கு மிஞ்சியது தீபாவளி ஒன்றுதான்.

பக்கத்து மலேசியாவில் கோலாலம்பூர், பினாங்கு போன்ற இடங்களில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு. பத்துமலையில் அன்றைக்கு மனிதத் தலைதான் தெரியும்.

சிங்கப்பூர் பக்தர்கள் விட்டார்களா? இல்லை! சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலில் இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை செல்லும் ஊர்வலம் முதல் நாள் நள்ளிரவை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. 1859-ல் செட்டியார்கள் கட்டியதால் இன்றும் அதைச் 'செட்டியார் கோவில்' என்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பால்குடம் எடுத்துவிட்டு, குளித்து உடை மாற்றி, காலையில் ஆபீசில் போய் உட்காருகிறவர்கள் உண்டு. நெற்றியில் விபூதி மட்டும் சாட்சி சொல்லும்.

துபாய்க் கணக்கு வேறு விதம். அங்கே பல வருடங்களாக வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. தீபாவளி எந்தக் கிழமை வந்தாலும் கூட்டாகக் கொண்டாடுவது வெள்ளிக்கிழமை. கிறிஸ்தவர்கள் ஞாயிறு திருப்பலியையே வெள்ளியன்று காண்பார்கள். 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. திருநாளும் கிழமை மாறியது!

வெடிச்சத்தம் இல்லாத தீபாவளி

தீபாவளிக்குச் சிங்கப்பூரில் லீவு உண்டு. பட்டாசுதான் கிடையாது. 1972-ல் போட்ட தடை. மீறினால் வழக்கு, அபராதம். சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது பெரிய சோதனை!

அதனால் அங்கே தீபாவளி கண்ணுக்கு விருந்து, காதுக்கு அமைதி. 'தேக்கா' என்று நம்மவர்கள் சொல்லும் லிட்டில் இந்தியா முழுக்க வண்ண விளக்குத் தோரணம். முறுக்கு, அதிரசம், துணிமணி, மல்லிகைப்பூ எல்லாம் கடையில் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டில் அதிகாலை எண்ணெய்க் குளியலும் உண்டு.

குளித்துப் புதுத்துணி உடுத்தி, 5 மணிக்கு ஊருக்கு போன் போட்டால் இங்கே மணி 2½. ஆச்சி இன்னும் எழுந்திருக்க மாட்டாள். இங்கே ஆச்சி குளித்துவிட்டு, "ஏலே மக்கா, எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?" என்று கேட்கும்போது, அங்கே பேரன் இட்லி தின்று முடித்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பான்.

ஊரில் இருந்து திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கும்? உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன், பன்னீர் இலையில் மடித்த இலை விபூதி. கருப்பட்டியும் மக்ரூனும் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். இலை விபூதி காய்ந்து சருகாகிச் சாமி படத்தடியில் அடுத்த பயணம் வரை இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அதில் ஒரு துளி கிள்ளிப் பூசுவாள் தாய்.

கஞ்சியும் சிலுவையும்

திருச்செந்தூருக்கு வடக்கே காயல்பட்டினம். இந்த ஊர்க்காரர்கள் கொழும்பு, ஹாங்காங் என்று தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தவர்கள். ரத்தின வியாபாரத்தில் பெயர் பெற்றவர்கள்.

சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்கள் 1826-ல் நிறுவியது. நோன்பு மாதத்தில் நோன்புக் கஞ்சி அங்கேயும் மணக்கும். இரண்டு பெருநாளுக்கும் அரசு விடுமுறை உண்டு. ஆனாலும் உம்மா கையால் செய்த தம்மடைக்கு ஈடு எது? பெருநாள் தொழுகை முடிந்ததும் முதல் போன் ஊருக்குத்தான்.

தெற்கே மணப்பாடு. செப்டம்பர் 14-ந் தேதி திருச்சிலுவைத் திருவிழா. குன்றின் மேல் இருக்கும் கோவிலுக்கு எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் வந்து சேரும் நாள். சிங்கப்பூரில் அது சாதாரண வேலை நாள். ஊருக்கு வர முடியாதவர்களுக்கு ஓஃபிர் சாலை லூர்து மாதா கோவில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-ல் எழுந்த கோவில் அது.

மதம் மூன்று. ஊரைப் பிரிந்த ஏக்கம் ஒன்று. இதைப் புரிந்துகொண்டுதானோ என்னவோ, 'தமிழ் முரசு' கோ. சாரங்கபாணி 1952-ல் சிங்கப்பூரில் 'தமிழர் திருநாள்' தொடங்கினார். பொங்கலை ஒட்டி, மத வேற்றுமை பாராமல் எல்லாத் தமிழரும் கூடும் விழா. இப்போதும் பொங்கல் வந்தால் லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நகரத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். பொங்கலுக்கும் அங்கே லீவு இல்லை என்பது வேறு விஷயம்.

குடும்பத்துக்கு ஒரு விலை

"கூட்டிக்கிட்டுப் போயிட்டா தீந்துது" என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அத்தனை சுலபம் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் மனைவி, மக்களை உடன் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6 ஆயிரம் வெள்ளி வேண்டும். (டாலரை அங்கே தமிழில் 'வெள்ளி' என்பார்கள்.) தாய், தந்தையைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமா? 12 ஆயிரம் வெள்ளி!

'ஒர்க் பெர்மிட்'டில் போகும் வெல்டருக்கும் கட்டிடத் தொழிலாளிக்கும் இந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. தொழிலாளர் விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வந்து, ஊர்க்காரன் முகம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களுக்குத் திருநாள் என்பது ஒரு வீடியோ கால்.

குடும்பத்தோடு இருப்பவர் வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. அது ஆச்சி, தாத்தாவின் நாற்காலி. மகளுக்குப் பேறுகாலம் பார்க்க ஆச்சி சுற்றுலா விசாவில் சில வாரம் வருவாள். பிள்ளையைக் குளிப்பாட்டி, மருந்து அரைத்துக் கொடுத்து, பேரப்பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நேரத்தில் விமானம் ஏறிவிடுவாள்.

மார்கழித் திருச்செந்தூர்

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினால் இன்னொரு கணக்கு. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை நவம்பர் பிற்பகுதியில் தொடங்கி டிசம்பர் கடைசி வரை. சூரசம்ஹாரம் பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடும்.

2023-ல் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. அந்த வருடம் சூரசம்ஹாரம் நவம்பர் 18, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் அதே நாள்! 2024-ல் அது நவம்பர் 7, வியாழக்கிழமை. 2025-ல் அக்டோபர் 27, திங்கட்கிழமை. இரண்டும் பள்ளி நாட்கள். அதே 2025-ல் ஜூலை 7-ந் தேதி திருச்செந்தூரில் 16 வருடங்களுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. அதுவும் திங்கட்கிழமை. கோபுரக் கலசத்தில் தீர்த்தம் ஊற்றியபோது சிங்கப்பூரில் காலை 9 மணி. பிள்ளைகளுக்கு அன்று பள்ளி விடுமுறைதான்; ஆனால் அந்த ஒரு நாள் மட்டுமே.

ஆகவே இந்தக் குடும்பங்கள் ஊருக்கு வருவது டிசம்பரில்தான். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த திருச்செந்தூர், மார்கழித் திருச்செந்தூர். விடியுமுன் நடை திறக்கும், பனியில் கோலம் போடும், கடல் காற்று குளிரும் திருச்செந்தூர். லட்சம் பேர் "அரோகரா" என்று முழங்கும் மணல்வெளியை அவர்கள் டி.வி.யில் மட்டுமே கண்டிருக்கிறார்கள். நாழிக்கிணற்றில் குளித்த பேரன், "சூரன் எங்கே நிப்பான் தாத்தா?" என்று கேட்டால், தாத்தா வெறும் மணலைத்தான் கை காட்ட வேண்டியிருக்கிறது.

அதற்காக ஊர் சும்மா இருந்துவிடவில்லை. பேரப்பிள்ளைகள் வருகிற டிசம்பரில் இங்கே சில வீடுகளில் இரண்டாவது தீபாவளி நடக்கிறது. புதுத்துணி, முறுக்கு, ஒளித்து வைத்த பட்டாசு எல்லாம் அப்போது வெளியே வரும். "என்ன ஆச்சி, மார்கழியில தீபாவளியா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "எம் பேரன் வந்த அன்னிக்குத்தாம் எனக்குத் தீவாளி" என்று பதில் வரும்.

சிங்கப்பூர் அரசு அடுத்த வருட விடுமுறைப் பட்டியலைப் பல மாதங்களுக்கு முன்பே வெளியிட்டுவிடும். அது வந்தவுடன் அங்கே மகன் பள்ளிக் காலண்டரை எடுப்பான். இங்கே அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். போனில் முதல் கேள்வி சம்பளம் பற்றி இல்லை, உடம்பு பற்றியும் இல்லை.

"சஷ்டி என்ன கிழமைப்பா வருது?"