மவுண்ட் ரோடு நெட்டையரும் அவருடைய அண்டை வீட்டாரும்

வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்தால் எதையெல்லாம் காட்டுவது என்று சென்னைக் குடும்பங்களில் ஒரு காலத்தில் ஒரு ஜாபிதா இருந்தது. சமுத்திரக் கரை, உயிர்க் காலேஜ், செத்த காலேஜ், அப்புறம் மவுண்ட் ரோடில் பதினாலு மாடி! வந்தவர்கள் நடைபாதையில் நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து, மாடிகளை எண்ணுவார்கள். மாமா எண்ணிய கணக்கும் மாமி எண்ணிய கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை!

மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகிவிட்டது. எல்.ஐ.சி. கட்டடத்தைவிட உயரமான கட்டடங்கள் நகரில் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அதன் மதிப்பு குறையவில்லை. 2019-ல் அந்த வழியே பூமிக்கடியில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்தபோது, அங்கே அமைந்த நிலையத்துக்கும் இந்தக் கட்டடத்தின் பெயரையே சூட்டினார்கள்.

இந்த நெட்டையரின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?

இதைக் கட்ட ஆசைப்பட்டவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை ஆரம்பித்தாரே, அவரேதான். தம்முடைய யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வானளாவ ஒரு மாளிகை எழுப்ப வேண்டும் என்பது அவர் கனவு. வேலை தொடங்கியது. ஆனால் 1954 மார்ச்சில் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். 1956-ல் சர்க்கார் ஆயுள் இன்ஷூரன்ஸை தேசியமயமாக்கியது. 245 ஸ்தாபனங்கள் ஒன்றாகி, எல்.ஐ.சி. பிறந்தது. பாதி எழும்பிய கட்டடமும் அதன் கைக்கு வந்தது.

1959 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, அப்போதைய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். உயரம் 177 அடி. செலவு சுமார் 87 லட்ச ரூபாய். அன்றைக்கு இந்தியாவிலேயே மிக உயரமான கட்டடம் இதுதான்! 1961-ல் பம்பாய் அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. சென்னையில் மட்டும் முப்பது வருஷங்களுக்கு மேல் இதை மிஞ்ச ஆளில்லை. 1975-ல் பெரிய தீ விபத்து ஒன்று ஏற்பட்டது. அதையும் தாங்கி நின்றது.

இதன் அண்டை வீட்டார்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1904-ல் கட்டிய வெள்ளை மாளிகையில் குடியிருக்கிறது. ஸ்பென்சரின் 1895-ஆம் வருஷத்துச் செங்கல் மாளிகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1983-ல் அது தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில்தான் பின்னால் ஸ்பென்சர் பிளாஸா எழுந்தது.

இன்னும் ஓர் அண்டை வீட்டார் உண்டு. உண்மையில் உறவுக்காரர் என்றே சொல்ல வேண்டும். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முனையில், கூர்ங்கோபுரங்களும் வளைவுகளுமாக ஒரு பழைய மாளிகை. டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி 1897-ல் கட்டியது. 1934-ல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாங்கியது. தேசியமயத்தில் அந்தக் கம்பெனியும் எல்.ஐ.சி.யோடு சேர்ந்துவிட்டதால், இரண்டு கட்டடங்களுக்கும் எஜமானர் ஒருவரே ஆனார்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்குப் பட்டுக்கரை வேஷ்டி, இன்னொருவனுக்குக் கந்தல்! 2006-ல் பழைய மாளிகையை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாரம்பரியச் சின்னங்களுக்காகப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று 2010-ல் தீர்ப்பாயிற்று. கடப்பாரை நின்றது. ஆனால் அடி விழுந்தது விழுந்ததுதான்.

"பழைய கட்டடம் போனால் நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், ஒரு பாலிஸி பத்திரம் இருக்கிறதல்லவா? காய்கறிச் செலவில் பிடித்து, பண்டிகைச் செலவில் மிச்சம் பிடித்து நீங்கள் கட்டிய பிரீமியம்தானே அந்த ஸ்தாபனத்தின் பலம்? அந்த உரிமையில் நீங்களும் நாலு வார்த்தை கேட்கலாம்.

எல்.ஐ.சி.யின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள்: காற்றில் அணையாமல் ஒரு விளக்கை இரு கைகள் மறைத்துக் காக்கின்றன. மனிதருக்கு மட்டும்தானா அந்தக் காப்பு? கிழவியானாலும் வீட்டுக்கு மூத்தவள் மூத்தவள்தான்!

அடுத்த தடவை குழந்தைகளை அண்ணா சாலைக்கு அழைத்துப் போனால், நெட்டையரின் மாடிகளை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும், ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு முனைக்கும் கூட்டிப் போங்கள். "இது யாருடையது?" என்று அவர்கள் கேட்டால், "நம்முடையதுதான்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் வாய்கள் பெருகினால், கடப்பாரை எடுப்பவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள்.