டாப் ஸ்டேஷன் மலைத்தடங்களும் பிரான்சின் பசுமை வழிகளும்

மோட்டார் வண்டிகள் நுழையாத, தார் போடாத பாதைகளில் நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுவதை இன்று 'கிராவல் சைக்கிளிங்' என்கிறார்கள். இதற்குப் பெயர் பெற்ற நாடுகளில் ஒன்று பிரான்சு. அங்குள்ள மலைப்பாங்கான நாட்டுப்புறங்களில் கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளின் மேல் இத்தகைய தடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. தமிழர்கள் அறிந்த மலைநாட்டில் இதற்கு மிக அருகில் வரும் இடம், தேனி மாவட்டத்துக்கும் கேரளத்தின் மூணாறுக்கும் நடுவே எல்லையில் நிற்கும் டாப் ஸ்டேஷன். அங்கே ஓர் இருப்புப்பாதையும் ஒரு நெடுஞ்சாலையும் கைவிடப்பட்டன. இரண்டின் கதையும் இரு வேறு விதமாக முடிந்தது.

'கிராவல்' என்ற சொல் நமக்குப் புதியதன்று. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் வீட்டுமனையை மேடாக்க வரும் லாரியில் இருப்பதும் கிராவல்தான். ஆனால் அது செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்தது. மழை பெய்தால் சேறாகிவிடும். பிரெஞ்சுத் தடங்களில் போடப்படுவது பொடியாக உடைத்த கல்லும் அதன் தூளும். நீர் தெளித்து உருளை ஏற்றி இறுக்கினால் அது கெட்டித் தரையாகிறது. மழைநீர் வழிந்தோடச் சற்றுச் சரிவும் கொடுத்துவிட்டால், 35 முதல் 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரைச் சற்றுக் காற்றுக் குறைத்து ஓட்ட அதைவிட நல்ல தரை இல்லை.

இருப்புப்பாதை ஏன் ஏற்றது?

மலையில் மிதிவண்டி ஓட்டுபவரின் முதல் எதிரி ஏற்றம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டார் சாலைகள் 100 மீட்டருக்கு 8 மீட்டர், 10 மீட்டர் என்றுகூட உயரும். இயந்திரத்துக்கு அது பொருட்டில்லை, முழங்காலுக்குத்தான் பொருட்டு. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரமோ செங்குத்தில் வழுக்கும். அதனால் பல் சக்கரம் இல்லாத மலை ரயில்பாதைகளில் ஏற்றத்தைப் பெரும்பாலும் 100 மீட்டருக்கு 3 மீட்டர் அளவிலேயே நிறுத்தினார்கள். அதற்காக மலையைச் சுற்றி வளைத்தார்கள், பாறையை வெட்டினார்கள், பள்ளத்தில் பாலம் கட்டினார்கள். ரயில் போன பிறகு இந்த உழைப்பு முழுவதும் மிதிவண்டிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பல் சக்கரத்தின் துணையோடு 12 அடிக்கு 1 அடி ஏறும் நீலகிரி மலை ரயில்பாதை இதற்கு விலக்கு. அதன் மேல் தடம் அமைத்தாலும் பலர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

பிரான்சில் இந்த வகையின் முதல் தடம் 1997-இல் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி, குளூனி ஊர்களுக்கிடையே 44 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறக்கப்பட்டது. இவற்றுக்கு அங்கே 'வுவா வெர்த்' என்று பெயர். பசுமை வழி எனலாம். 2004-இல் சாலைச் சட்டத்திலேயே இதற்கு விளக்கம் எழுதினார்கள்: மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் மட்டுமே உரிய பாதை. இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் சட்டத்தில் ஒரு பெயர் இல்லாவிட்டால், காலியாகக் கிடக்கும் நிலம் அடுத்த தேவை வந்ததும் கார் சாலையாகிவிடும் அல்லது மனையாகிவிடும்.

மலைப்பகுதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அர்தேஷ் மாவட்டத்தின் 'டோல்சே வியா'. 1968 அக்டோபர் 31 அன்று மூடப்பட்ட மீட்டர்கேஜ் பாதையின் மேல் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளத்துக்கு இது செல்கிறது. ரோன் ஆற்றங்கரையில் சுமார் 100 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஒரு கிளை 1,000 மீட்டரைத் தாண்டிய செயின்ட் அக்ரேவ் ஊருக்கு ஏறிவிடுகிறது. ஓட்டுபவருக்கு ஏறியதே தெரியாது என்று சொல்வது மிகை. மெல்லத் தெரியும், அவ்வளவுதான். தெற்கே லாங்டாக் மலைகளில் பெடாரியூ, மசாமே ஊர்களை இணைக்கும் 'பாசா பாயிஸ்' தடமும் இத்தகையதே. அதில் மலையைக் குடைந்த பழைய ரயில் சுரங்கத்துக்குள்ளேயே மிதிவண்டியில் போகலாம்.

குண்டளைப் பள்ளத்தாக்கு

இதே வாய்ப்பு மூணாறிலும் இருந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காக 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று போடப்பட்டது. ஒரு சக்கரம் தண்டவாளத்தில் ஓட, சாயாமலிருக்க இன்னொரு சக்கரம் பக்கத்துத் தரையில் உருளும், இழுத்தது மாடு. 1908-இல் அதை 2 அடி அகலமுள்ள சிறு இருப்புப்பாதையாக மாற்றினார்கள். அந்தப் பாதையின் மேல் முனைதான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலை கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடியிலிருந்த கீழ் நிலையத்துக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்கு வந்தது. இந்தத் தேயிலையைப் பறித்த கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளர்களுடையவை.

1924 பெருவெள்ளம் இந்த இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவில்லை. மூணாறின் பழைய ரயில் நிலையக் கட்டிடம் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று. பள்ளத்தாக்கு வழியே மோட்டார் சாலை வந்தது. பின்னர் குண்டளை, மாட்டுப்பட்டி அணைகளும் வந்தன. இன்று அந்த வழியில் காலை ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலா ஜீப்புகளின் வரிசைதான். வண்டிகள் விலக ஓரம் இல்லாத இடங்களும் உண்டு. இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. 1924-இல் அங்கே தேவைப்பட்டது சரக்கு இறக்க ஒரு வழி, பொழுதுபோக்குத் தடமன்று. ஆனால் ரயில்பாதையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டால் அதைத் திரும்பப் பெறுவது எத்தனை கடினம் என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கு சான்று.

மூடப்பட்ட நெடுஞ்சாலை

டாப் ஸ்டேஷனிலிருந்து கிழக்கே நேர்மாறான காட்சி. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு வழியாக இங்கு வந்து சேர்ந்த ஒரு மோட்டார் சாலை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் சென்னை மீது படையெடுத்தால் ஆட்களைக் கொச்சிப் பக்கம் வெளியேற்றலாம் என்ற எண்ணத்தில் மேம்படுத்தப்பட்டதால் அதற்கு 'எஸ்கேப் ரோடு' என்று பெயர். படையெடுப்பு வரவில்லை, சாலை மட்டும் மிஞ்சியது. தென்னிந்தியாவின் மிக உயரமான சாலைகளுள் ஒன்றான அது 1990-இல் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. சரளையும் புல்லும் மூடிய, கார் வராத அந்த உயர்மலைப் பாதையை வரைபடத்தில் பார்க்கும் மிதிவண்டிக்காரர்கள் ஏங்குவது இயல்பு.

ஆனால் அது செல்வது கேரளத்தின் பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்கா, தமிழகத்தின் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆகியவற்றின் ஊடே. யானையும் காட்டெருமையும் புழங்கும் காடு அது. அர்தேஷ் தடத்தில் வளைவுக்கு அப்பால் யானை நிற்காது. ஆகவே 'பிரான்சைப் பார், இங்கேயும் திற' என்ற வாதம் இந்தச் சாலைக்கு அப்படியே பொருந்தாது. காட்டுப்பாதையில் கவனக்குறைவின் விலை என்ன என்பதைப் பக்கத்துச் சரிவிலேயே பார்த்தோம்: 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தனர். அதே ஆண்டில் தமிழக அரசு காடுகளில் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. முன் அனுமதியும் வழிகாட்டியும் இன்றி இந்தப் பாதைகளில் இறங்குவது சட்டப்படியும் தவறு.

பசுமை வழி என்ற எண்ணம் இங்கு பொருந்துவது காட்டின் நடுவே அன்று, தேயிலைத் தோட்டங்களின் உள்பாதைகளில். லயத்திலிருந்து கொழுந்து மடுவத்துக்கும் பள்ளிக்கும் மக்கள் நடக்கும் மண் பாதைகள் அவை. சரிவைச் சுற்றியே போவதால் பல இடங்களில் ஏற்றமும் மிதமாக இருக்கும். நிலம் தோட்ட நிறுவனங்களிடம் இருப்பதால் அங்கும் அனுமதி வேண்டும். சீராக்கினால் முதல் பயன் அடைபவர்கள் வெளியூர் மிதிவண்டிக்காரர்கள் அல்லர், தலையில் சுமையோடு நடப்பவர்கள்.

இப்போது போக விரும்புவோருக்கு: மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டு, 2023 ஜூனில் போடி வரை ரயில் திரும்பியது. சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடி, அரக்கோணம் வழியே போடிக்கு விரைவு ரயில் உண்டு. போடியிலிருந்து போடிமெட்டு ஏற்றம் கடுமையானது. சாலையும் தேசிய நெடுஞ்சாலை என்பதால் பின்விளக்கு கட்டாயம் வேண்டும். மூணாறில் தங்கி, விடிந்தவுடன் கிளம்பினால் ஜீப்புகள் வருமுன் டாப் ஸ்டேஷனை எட்டிவிடலாம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மண் சரிவு உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.