வாலிபர் ஐக்கியம்: தங்கவயல் தந்த இன்னொரு பள்ளிக்கூடம்

"கே.ஜி.எஃப்." என்று என் சொந்த ஊரைச் சொன்னால், இப்போதெல்லாம் கேட்பவர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்க்கிறார். 2018-லும் 2022-லும் வெளிவந்த கன்னடப் படங்களின் விளைவு அது. ஊரில் தடுக்கி விழுந்தால் துப்பாக்கியும் சுத்தியலும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் தடுக்கி விழுந்தால் கையில் கிட்டாரோடு ஒரு பையன் "டூ பார்ட் பாடலாமா, த்ரீ பார்ட் பாடலாமா" என்று கேட்டுக் கொண்டு நிற்பான். அந்தப் பையன்களும் பெண்களும் கூடிய இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் பலர் நம் சங்கத்தில் இருப்பதால், சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. 1880 முதல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே பெரிய அளவில் தங்கம் எடுக்கத் தொடங்கியது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தபோது பெங்களூர் நகரத்திற்கே மின்விளக்கு வந்திருக்கவில்லை. சுரங்கத்தில் இறங்க வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட, நிலமில்லாத குடும்பத்தினர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு "லைன்" என்று பெயர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. கன்னட மாநிலத்தின் நடுவே மேலேயும் பூமிக்குக் கீழேயும் தமிழ் பேசிய ஊர் அது.

அந்த ஊரில் கத்தோலிக்கக் கோயில்களும் பல சபைகளின் ஆலயங்களும் நிறைய உண்டு. ஒவ்வொன்றிலும் இளைஞர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கும். எங்கள் சபையில் அதற்குப் பெயர் "வாலிபர் ஐக்கியம்". கத்தோலிக்க நண்பர்களுக்கு "இளைஞர் இயக்கம்". எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் என் ஞாயிற்றுக்கிழமை மாலைகளை எல்லாம் விழுங்கியது அதுதான்.

எங்கிருந்து வந்தது?

இளைஞருக்கென்று தனிச் சங்கம் என்ற எண்ணம் நம் மண்ணில் தோன்றியதல்ல. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடை ஊழியர் தம் நண்பர்களோடு தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. 1881-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஃபிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் "கிறிஸ்டியன் எண்டெவர்" என்ற இளைஞர் சங்கத்தை ஆரம்பித்தார். கத்தோலிக்கர்களிடையே பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் கார்டைன் 1920-களில் இளம் தொழிலாளர் இயக்கத்தைக் கட்டினார். "பார், சீர்தூக்கு, செயல்படு" என்பது அவருடைய முறை. கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒரு சுவையான கதை உண்டு. 1898-ல் நியூயார்க்கில் திருமதி ஹாஸ் என்ற அம்மையார் அதன் முன்னோடி வகுப்பை நடத்தியது வாடகைக்கு எடுத்த ஒரு பீர் கடையில்! இதை எங்கள் ஐயரிடம் சொல்லியிருந்தால் மயங்கியிருப்பார். (எங்கள் சபைகளில் "ஐயர்" என்றால் போதகர்.)

கிளார்க் வகுத்த விதிகளில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு உறுப்பினரும் ஏதாவது ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும். சேர்ந்து பாடுவது கணக்கில் வராது. ஒரு வசனமோ, ஒரு ஜெபமோ, இரண்டு வார்த்தையோ, தன் வாயைத் தானே திறக்க வேண்டும். சங்கத்தின் பெயர் எதுவானாலும் இந்த வழக்கம் உலகெங்கும் பரவி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

யார் வாலிபர்?

இதற்குச் சரியான விடை கடைசி வரை கிடைக்கவில்லை. விதிப்படி பதினைந்திலிருந்து முப்பது வயது. நடைமுறையில், கல்யாணம் ஆகாதவரை வாலிபர். எங்கள் பொருளாளர் முன்வழுக்கை விழுந்த பிறகும் வாலிபராகவே தொடர்ந்தார். டீக்கும் பன்னுக்கும் அவர் வைத்திருந்த கணக்கை வேறு யாராலும் புரிந்து கொள்ள முடியாது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் "பிரதர்", "சிஸ்டர்" என்றுதான் அழைக்க வேண்டும். பெரியவர்கள் இதைப் பெரிய பாதுகாப்பாக நினைத்தார்கள். ஆனால் பாட்டுப் புத்தகம் கைமாறும்போது அதற்குள் மடித்து வைத்த காகிதமும் கைமாறும். மூன்று வருடம் "சிஸ்டர்" என்று அழைத்தவரையே ஒரு பிரதர் கைப்பிடித்த கல்யாணங்கள் எங்கள் சபையில் மட்டும் நான்கு. கல்யாணத்தன்று மேடையில் பழக்க தோஷத்தில் மணப்பெண் "பிரதர், மாலையைச் சரியாகப் போடுங்கள்" என்று சொல்ல, ஐயரே சிரித்துவிட்டார்.

கூட்டம் எப்படி நடக்கும்?

ஆரம்ப ஜெபம், பாடல், போன கூட்டத்தின் மினிட்ஸ் வாசிப்பு, வேத தியானம், சிறப்புப் பாடல், போட்டி, அறிவிப்பு, டீ. இந்த வரிசை மாறவே மாறாது. பேசுகிறவர்களுக்கு இரண்டு பள்ளிகளின் பயிற்சி இருந்தது. ஒன்று ஞாயிறு ஆராதனை. மற்றொன்று தெருமுனை. தி.மு.க., அ.தி.மு.க., இந்தியக் குடியரசுக் கட்சி என்று எல்லாக் கட்சி மேடைகளும் அடுக்குமொழியில் முழங்கிய ஊர் தங்கவயல். அதனால் எங்கள் செயலாளர், பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கித்தான் பிக்னிக்குக்குத் தலைக்கு எட்டு ரூபாய் என்பதை அறிவிப்பார்.

போட்டிகளில் பரபரப்பானது வசனம் எடுக்கும் போட்டி. வேதாகமத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டு நிற்க வேண்டும். நடத்துபவர் "ஆபகூக் இரண்டு, நான்கு" என்பார். முதலில் எடுத்து வாசிப்பவருக்குப் பரிசு. எங்கள் வேதாகமத்தில் 66 புத்தகங்கள். அவற்றின் வரிசை மனப்பாடமாக இல்லாவிட்டால், மூன்றே அதிகாரம் கொண்ட ஆபகூக்கைத் தேடுவது அமாவாசையில் ஊசி தேடுவது போலத்தான். பரிசு ஒரு சோப்பு டப்பா. அதற்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்தால் டப்பாவே தங்கத்தில் செய்தது என்று நினைக்கத் தோன்றும்.

அறுவடை இல்லாத ஊரில் அறுப்பின் பண்டிகை

விளைச்சலில் முதல் பலனை ஆலயத்திற்குப் படைக்கும் நாள் அறுப்பின் பண்டிகை. எங்கள் ஊரிலோ வயல் என்ற சொல் பெயரில் மட்டுமே இருந்தது. சைனைடு மண் குவிந்த மேடுகளில் என்ன விளையும்? ஆகவே சனிக்கிழமையே ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்ப் பூசணிக்காயும் வாழைத்தாரும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை பயபக்தியோடு படைப்பார்கள். பிறகு வாலிபர் ஐக்கியம் அவற்றை ஏலம் விடும். வாங்கின விலையைப் போல ஐந்து மடங்குக்கு அதே பூசணிக்காய் போகும். ஒரு வருடம் ஏலச் சேவல் கயிற்றை அறுத்துக் கொண்டு பாடகர் குழு நின்ற இடத்திற்குள் புகுந்தது. அன்றைக்கு சொப்ரானோ எட்டிய உச்சத்தைப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸிலும் எட்டியதில்லை.

கேரல் ரவுண்ட்ஸ்

டிசம்பர் பிறந்தால் வீடு வீடாகப் போய் கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடுவோம். பெட்ரோமாக்ஸ் விளக்கு, கிட்டார், டிரம், பஞ்சு தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா. தங்கவயலில் இதற்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. அதுதான் ஷிஃப்ட். சுரங்கத்தில் மூன்று ஷிஃப்ட் வேலை. எந்த லைனில் எந்த வீட்டில் யார் தூங்குகிறார், யார் இறங்கியிருக்கிறார் என்று பார்த்துப் போக வேண்டும். பாடகர் குழுவுக்கும் இதே கதிதான். டெனர் பாடும் அண்ணன்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டால், அந்த வாரம் பாட்டு ஒரு கால் இல்லாத முக்காலியாக நிற்கும்.

ஒவ்வொரு வீட்டிலும் காப்பி, கல்கல், அச்சு முறுக்கு. மறுத்தால் வீட்டுக்காரர் மனம் நோகும். பதினைந்தாவது வீட்டில் தாத்தாவுக்கு வயிறு வலிக்கும். தலையணை கட்டிய வயிறா, உள்ளே இருக்கும் வயிறா என்று அவருக்கே தெரியாது. இந்து நண்பர்களின் வீடுகளிலும் "எங்கள் வாசலிலும் ஒரு பாட்டு பாடிவிட்டுப் போங்கள்" என்பார்கள். நானே ஒரு மாரியம்மன் படத்தின் கீழ் நின்று பெத்லகேமைப் பற்றிப் பாடியிருக்கிறேன். அங்கே கொடுத்த சுண்டலின் ருசி இன்னும் நாவில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் நாடகமும் வாலிபர் பொறுப்புதான். மேய்ப்பர்கள் லைன் வீட்டுத் தமிழ் பேசுவார்கள். ஏரோது ராஜாவோ, எந்த வருடம் யார் நடித்தாலும், வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில் சிவாஜி பேசியது போலத்தான் கர்ஜிப்பார். கொடுங்கோலனுக்குக் கைதட்டலும் விசிலும் கிடைப்பதைப் பார்த்து ஐயர் தலையில் கை வைத்துக் கொள்வார்.

சிரிப்புக்கு அப்பால்

இத்தனை கூத்துக்கும் நடுவே, அந்த ஊரின் அடியில் எப்போதும் ஒரு பயம் இருந்தது. ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கலகலக்கும். அந்த நிமிடத்தில் எல்லாத் தாய்மார்களும் மனதுக்குள் ஒரே கணக்கைப் போடுவார்கள்: இப்போது யார் இறங்கியிருக்கிறார்? ஒரு வீட்டில் இழவு விழுந்தால், முதலில் போய் நிற்பது வாலிபர் ஐக்கியம். பெஞ்சு தூக்குவது, இரவெல்லாம் உட்கார்ந்து பாடுவது, பெட்டியைச் சுமப்பது, அடுத்த மாதம் அந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குத் துண்டு ஏந்துவது எல்லாம் அந்தக் கிட்டார்ப் பையன்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்வழிப் பள்ளிகள் ஊரில் இருந்தாலும், நான் படித்தது ஆங்கிலவழியில், இரண்டாம் மொழி கன்னடம். எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுத்தது வாலிபர் ஐக்கியம். வேதாகமத்தின் தமிழ், 1871-ல் முடிந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு. வடசொல் நிறைந்த பழைய நடை. கீர்த்தனைகளோ தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழி வந்தவை. வாரா வாரம் எழுந்து நின்று பத்துப் பேர் முன்னால் வாசிக்க வேண்டியிருந்ததால் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா சுரங்கத்தில் மேஸ்திரி முன்னால் கைகட்டி நின்றவர். அவர் மகன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, மணியடித்து, "ஒழுங்கு, ஒழுங்கு" என்று கூட்டம் நடத்தினான். அதைக் கதவோரம் நின்று அப்பா பார்த்துவிட்டுப் போனார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது பல வீடுகளின் வாழ்க்கை ஆயிற்று. பலர் ஊரை விட்டே போனார்கள். என் காலத்து ஐக்கியத்தில் இருந்தவர்கள் இன்று பெங்களூரிலும் வளைகுடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறோம். எங்கே போனாலும் இரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ ஆகிவிடுகிறோம். பழக்கம் விடுவதில்லை!

நம் சங்கத்திற்கு ஒரு யோசனை

"பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை" என்று நாம் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் வருத்தப்படுகிறோம். வருத்தப்பட்டுவிட்டு அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் நாமே பேசுகிறோம். தங்கவயலில் எங்களுக்குத் தமிழின் பெருமையை யாரும் போதித்ததில்லை. வேலை கொடுத்தார்கள். மினிட்ஸ் எழுது, ஏலம் விடு, ஏரோதாக நடி, இழவு வீட்டில் பாடு என்றார்கள். தமிழ் தானாக வந்து ஒட்டிக் கொண்டது.

ஆகவே கிளார்க்கின் அந்த ஒரு விதியை நாமும் எடுத்துக் கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது தமிழில் வாய் திறக்கட்டும். வரவேற்புரையோ, டீ கணக்கோ, எதுவானாலும் சரி. தப்பாகப் பேசினால் சிரிப்போம், பிறகு கை தட்டுவோம். பரிசுக்கு ஒரு சோப்பு டப்பா நான் தருகிறேன்.