ஸ்டெம் செல் எண்டால் முள்ளந்தண்டில ஊசியோ?

எபிசோட்டில நேரம் போதாமல் விட்டதை இங்க எழுதுறம்: ஸ்டெம் செல் பற்றி எங்கட வீடுகளில சுத்துற மூண்டு பிழையான கதைகள்.

முதலில ஒரு உள்ளூர்ச் சங்கதி. இந்தக் கலங்கள் இருக்கு எண்டு பரிசோதனையில காட்டினது ரொறன்ரோவில. றிச்மண்ட் ஹில்லில இருந்து யங் தெருவால இறங்கினால், டவுன்டவுன் ஷேர்போர்ன் தெருவில அப்போது ஒன்ராறியோ புற்றுநோய் நிறுவனம் இருந்தது. அங்க ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் இருவரும் கதிர்வீச்சுக் கொடுத்த எலிகளுக்கு எலும்பு மச்சைக் கலங்களை ஏற்றினார்கள். சுமார் 10 நாளில மண்ணீரலில சின்னக் கட்டிகள். கூடக் கலம் ஏற்றினால் கூடக் கட்டி. 1961இல் அதை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கட்டியும் ஒரே ஒரு கலத்தில இருந்து வளர்ந்தது எண்டு 1963இல் காட்டினார்கள். தன்னையும் பெருக்கி, வேறு கலங்களாகவும் மாறுற கலம்தான் ஸ்டெம் செல்.

கதை 1: "எல்லாம் கருவில இருந்து எடுக்கிறது."

இல்லை. மேலே சொன்னது வளர்ந்த எலியின்ர மச்சை. உங்கட எலும்புக்குள்ளயும் இருக்கு. 2006இல் ஜப்பானில ஷின்யா யமனாக்கா எலியின் சாதாரணக் கலத்துக்கு நாலு மரபணுக்களைக் கொடுத்து, கருக்கலம் மாதிரி மாற்றினார். 2012இல் நோபல் பரிசு.

கதை 2: "ஒரு ஊசி போட்டால் முழங்கால் வலி போயிடும்."

நல்லா நிரூபிக்கப்பட்டது இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை: இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவைக்கு. மற்றதில பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிதான். உங்கட உடம்பில எடுத்த கலமாக இருந்தாலும், அதைச் சிகிச்சையாகத் தந்தால் அது மருந்து, அனுமதி வேணும் எண்டு ஹெல்த் கனடா 2019இல் தெளிவாகச் சொன்னது. "சொந்தக் கலம்தானே, என்ன வரப்போகுது?" எண்டு நினைக்காதேங்கோ. புளோரிடாவில கொழுப்பில எடுத்த சொந்தக் கலத்தைக் கண்ணில ஏற்றின மூண்டு பெண்கள் பார்வையை இழந்ததை 2017இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அம்மம்மாவுக்கு ஆரும் விலை சொன்னால், முதலில அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ.

கதை 3: "தானம் குடுத்தால் முள்ளந்தண்டில ஊசி."

தமிழில "தண்டுக்கலம்" எண்டு எழுதுறதும் இந்தக் குழப்பத்துக்கு உதவியாப் போச்சு! முள்ளந்தண்டை ஒருவரும் தொடமாட்டினம். பெரும்பாலும் சில நாள் ஊசி மருந்து தந்து, பிறகு கையால இரத்தம் எடுத்து, மெஷினில ஸ்டெம் செல்லைப் பிரிச்சு, மிச்சத்தைத் திருப்பி ஏற்றுவினம். சிலவேளை மயக்க மருந்து தந்து இடுப்பெலும்பின் பின்பக்கத்தில மச்சை எடுப்பினம்.

இந்த மூண்டாவது கதைதான் உயிரோட விளையாடுது. நோயாளிக்கும் கொடையாளிக்கும் எச்எல்ஏ வகை பொருந்தவேணும். கூடப்பிறந்தவரோட முழுசாப் பொருந்த 25 வீத வாய்ப்புத்தான். அதுக்கு வெளியில தேடினால், ஒரே பூர்வீகக்காரரிடம்தான் பொருத்தம் கிடைக்கிற சாத்தியம் கூட. ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு வருத்தம் வந்தால், தேடுற பட்டியலில எங்கட ஆக்கள் இருக்கவேணும்.

கனேடிய இரத்த சேவைகளில 17 தொடக்கம் 35 வயது வரை பதியலாம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சால துடைச்சு அனுப்பினால் போதும். வீட்டில பயந்தால், இதைத் தமிழில வாசிச்சுக் காட்டுங்கோ.