உடலின் சிக்கனமும் யூரிக் அமிலமும்

யூரிக் அமிலம் என்பது இன்று பெரும்பாலோர் காதில் விழுந்த பெயராகிவிட்டது. கால் பெருவிரலின் அடிமூட்டு ஓர் இரவில் திடீரெனச் சிவந்து வீங்கி, போர்வை படுவதையும் பொறுக்கமாட்டாமல் துடித்தவர்கள் அந்தப் பெயரை எளிதில் மறக்கமாட்டார்கள். கௌட் என்று மருத்துவர் கூறும் இந்நோய்க்கு இறைச்சியும் மதுவுமே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் நம் உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உணவிலிருந்து வருவதன்று. நம்முடைய சொந்த உயிரணுக்களே அதைத் தருகின்றன. உயிரணுவுக்குள் அப்படி எது அழிகிறது என்று கேட்டால், நியூக்ளியோடைடு என்னும் பொருளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

1869ஆம் ஆண்டில் ஃபிரெடிரிக் மீஷர் என்ற ஸ்விட்சர்லாந்து நாட்டு இளைஞர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், மருத்துவமனையார் கழித்துப்போட்ட கட்டுத்துணிகளிலிருந்து சீழைக் கழுவி எடுத்து ஆராய்ந்தார். சீழில் நிறைந்திருக்கும் வெள்ளணுக்களின் உட்கருவிலிருந்து, பாஸ்பரஸ் மிகுந்த ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தார். பின்வந்த கோஸெல், லெவீன் முதலிய அறிஞர்கள் அதனைப் பகுத்துப் பார்த்தபோது, அது சிறுசிறு மணிகள் கோத்த மாலை போன்றது என்பது விளங்கிற்று. அந்த மணியே நியூக்ளியோடைடு. அதற்கு மூன்று உறுப்புகள்: நைட்ரஜன் அடங்கிய ஒரு காரப்பொருள், ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட். காரப்பொருள்களுள் அடினைனும் குவானைனும் இரட்டை வளைய அமைப்புடையவை. இவை பியூரின் வகுப்பு. சைட்டோசின், தைமின், யுராசில் ஆகியவை ஒற்றை வளையம் உடையவை; இவை பிரிமிடின் வகுப்பு. கடற்பறவைகளின் எச்சமாகிய குவானோ உரத்திலிருந்து எடுக்கப்பட்டதால் குவானைனுக்கு அப்பெயர் வந்தது. இரசாயன அறிஞர்கள் பெயர் சூட்டுவதில் நாசூக்குப் பார்ப்பவர்கள் அல்லர்.

இம்மணிகள் கோவையாக நின்று டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருள்களாகின்றன. தனித்து நின்றும் தொழில் புரிகின்றன. அடினைனைக் கொண்ட ஒரு நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து நிற்கும்போது ஏ.டி.பி. எனப்படுகிறது. தசை சுருங்குவதற்கும் நரம்பு செய்தி அனுப்புவதற்கும் உயிரணு செலவிடும் நாணயம் இதுதான். இதனை 1929இல் ஜெர்மனியில் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பராவும் கண்டறிந்தனர். சுப்பராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். எந்நேரமும் நம் உடலில் உள்ள ஏ.டி.பி. கால் கிலோவுக்கும் குறைவே. ஆனால் அந்தச் சிறு முதலே ஒரு நாளில் பலநூறு முறை கைமாறி, ஏறக்குறைய நம் உடலெடை அளவுக்கு வேலை பார்த்துவிடுகிறது.

இத்துணைப் பயனுள்ள பொருளை உடல் எவ்வாறு பெறுகிறது? இரு வழிகள் உள்ளன. ஒன்று, அடிப்படையிலிருந்து புதிதாகக் கட்டுவது. பியூரின் வளையத்தின் ஒவ்வோர் அணுவும் எங்கிருந்து வருகிறது என்பதை அமெரிக்க அறிஞர் புகேனன் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து கண்டார். புறாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பறவைகள் தம் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகவே வெளியேற்றுகின்றன. ஆகவே அவற்றின் ஈரலில் பியூரின் தொழில் மும்முரமாக நடக்கிறது. இந்தக் கட்டுமானத்துக்குப் பத்துப் படிகள் வேண்டும், வழிநெடுக ஏ.டி.பி.யைச் செலவிடவும் வேண்டும்.

மற்றொரு வழி, பழையதைப் புதுக்குவது. பொற்கொல்லர் தம் பட்டறையில் சிந்திய துகளையும் கூட்டி எடுத்து மீண்டும் உருக்குவார் அல்லவா? உயிரணுவும் சிதைந்த நியூக்ளியோடைடுகளின் காரப்பொருளை வீணாக்குவதில்லை. எச்.பி.ஆர்.டி. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படும் ஒரு நொதி, ஹைப்போஸாந்தைன், குவானைன் ஆகிய இரண்டையும் பிடித்து, ஒரே படியில் சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்த்து மீண்டும் நியூக்ளியோடைடாக்கிவிடுகிறது. சிதைந்த பியூரினில் பெரும்பகுதி இவ்வாறு மீட்கப்படுகிறது. மீளாமல் தப்பியது ஸாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியால் யூரிக் அமிலமாகிச் சிறுநீர் வழியாகப் பெரிதும், குடல் வழியாகச் சிறிதும் வெளியேறுகிறது.

இங்கே மனித இனத்துக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலான பாலூட்டிகள் யூரிக் அமிலத்தை மேலும் உடைத்து, நீரில் நன்கு கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகின்றன. அதற்குரிய நொதியை நம் மூதாதைக் குரங்கினங்கள் என்றோ இழந்துவிட்டன. யூரிக் அமிலமோ எளிதில் கரையாது. நூறு மில்லி லிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசிபோன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால்விரலில் அது முதலில் படிவது வியப்பன்று. லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட், நோயாளியின் இரத்த நீரில் அமிலம் சேர்த்து ஒரு நூலை அதில் இட்டுவைத்து, நூலின்மேல் யூரிக் அமிலப் படிகங்கள் பூத்து நிற்பதைக் காட்டினார்.

இந்நோய்க்குச் சிறந்த மருந்து வேறொன்றைத் தேடியபோது கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்பாரும் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும், பியூரினைப் போலவே தோன்றி உயிரணுவை ஏமாற்றும் போலிப் பொருள்களை உருவாக்கினர். வேகமாகப் பெருகும் புற்றணு போலியை ஏற்று வளர்ச்சி தடைப்படும் என்பது அவர்கள் கருத்து. அவ்வாறு பிறந்த மெர்காப்டோபியூரின் 1953 முதல் இரத்தப் புற்றுநோயில் பயன்பட்டது. ஸாந்தைன் ஆக்ஸிடேஸ் அம்மருந்தை விரைவில் அழித்துவிடுவதைக் கண்டு, அந்நொதியைத் தடுக்க அலோபியூரினாலைச் சோதித்தனர். அது நோயாளிகளின் யூரிக் அமிலத்தையே குறைத்தது! 1966இல் அமெரிக்காவில் கௌட் மருந்தாக அது ஏற்கப்பட்டது. 1988இல் இருவருக்கும், ஜேம்ஸ் பிளாக் என்பாருடன், நோபெல் பரிசு கிடைத்தது. பெண் என்பதால் முன்னர்ப் பல ஆய்வுக்கூடங்களில் இடம் மறுக்கப்பட்டவர் எலியன். முனைவர் பட்டத்துக்கான படிப்பையும் அவர் முடிக்க இயலவில்லை. ஒன்று கூறவேண்டும்: மெர்காப்டோபியூரினோ அஸாதயோப்ரினோ உட்கொள்பவருக்கு அலோபியூரினாலைச் சேர்த்துக் கொடுத்தால், முன்னவற்றின் அளவை வெகுவாகக் குறைத்தாக வேண்டும், இல்லையேல் எலும்பு மச்சை நலிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மீட்பு நொதியாகிய எச்.பி.ஆர்.டி. பிறவியிலேயே இல்லாமற் போனால் என்ன ஆகும்? 1964இல் மருத்துவ மாணவர் மைக்கேல் லெஷ் என்பாரும் குழந்தை மருத்துவர் வில்லியம் நைஹன் என்பாரும் பால்டிமோர் நகரில் இரு சகோதரச் சிறுவர்களை ஆராய்ந்து எழுதினர். அவர்களிடம் யூரிக் அமிலம் மிகுந்திருந்தது. கைகால்கள் தம் வசத்தில் இல்லை. இவ்வளவோடு நிற்கவில்லை. இந்நோயுள்ள சிறுவர்கள் தங்கள் உதட்டையும் விரல்களையும் தாமே கடித்துப் புண்ணாக்கிக்கொள்கின்றனர். வலி தெரியாமலன்று, வலித்து அழுதுகொண்டே கடிக்கின்றனர். கைகளைக் கட்டிவைத்தால் அமைதியடைகின்றனர். கட்டை அவிழ்த்தால் அஞ்சுகின்றனர். இது பிடிவாதமோ வளர்ப்பின் குற்றமோ அன்று. குறைபடும் நொதி எதுவென்று 1967இல் ஸீக்மில்லர் குழுவினர் காட்டினர். மீட்பு நின்றதால் பியூரின் வீணாவதோடு, மீட்புக்கென வைத்திருந்த சர்க்கரைப் பொருளும் தேங்கிப் புதுக் கட்டுமானத்தை முடுக்கிவிடுகிறது. ஒரே குறையால் இரட்டைச் செலவு.

அந்நொதியின் வேலைத்திறன் நூற்றில் எட்டுப் பங்கு அளவாவது எஞ்சியிருந்தால், பெரும்பாலும் இளமையிலேயே கௌட்டும் சிறுநீரகக் கல்லும் வருவதோடு நின்றுவிடுகிறது. நூற்றில் ஒன்றிரண்டு பங்குகூட இல்லாதபோதுதான் முழுக் கொடுமையும் விளைகிறது. இச்சிறுவர்களுக்கு அலோபியூரினால் கொடுத்தால் யூரிக் அமிலம் இறங்குகிறது, சிறுநீரகம் காக்கப்படுகிறது. ஆனால் பிறந்தது முதல் கொடுத்தும் கடிப்பது நிற்பதில்லை. ஆகவே மூளைக்கு நேர்ந்த கேடு யூரிக் அமிலத்தால் வந்ததன்று. அங்கே டோபமைன் என்ற பொருள் குன்றியிருப்பது தெரிகிறது; பியூரின் மீட்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு இன்றும் முழுதும் விளங்கவில்லை.

இந்நொதிக்குரிய மரபணு எக்ஸ் நிறமியில் உள்ளது. ஆதலால் நோயுறுவோர் அநேகமாக ஆண் குழந்தைகளே. தாய் நோயின்றி அக்குறையைச் சுமந்திருக்கலாம். பிறந்த சில நாள்களுக்குக் குழந்தையின் துணியில் செம்பழுப்புக் கறை காண்பது சாதாரணம். மாதங்கள் கடந்தும் ஆரஞ்சு நிற மணல்போன்ற பொருள் படிந்து, குழந்தையின் தலையும் உரிய காலத்தில் நிற்கவில்லையென்றால், இரத்தத்திலும் சிறுநீரிலும் யூரிக் அமிலத்தை அளந்து பார்க்க வேண்டும். நோய் உறுதியானால், தாயின் சகோதரிகளும் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாம். அடுத்த கருவையும் பிறப்பதற்கு முன்பே சோதித்தறிய இயலும்.