பெருந்தொற்றுக்குப் பின் தமிழ்ப்பள்ளிக் கல்வி: சமவாய்ப்பு, மீள்திறன், புத்தாக்கம்

முன்னுரை

கோவிட்-19 பெருந்தொற்று உலகக் கல்வி வரலாற்றில் முன்னெப்போதும் காணாத முடக்கத்தை ஏற்படுத்தியது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலாதிருந்தனர். மலேசியாவில் அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகளும் மூடப்பட்டன. இம்முடக்கம் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு எத்தகைய இழப்பைத் தந்தது, அதனை ஈடுசெய்யும் வழி யாது என்பவற்றைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சூழலில் வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

இழந்த பருவம்

2020இல் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டரை மாதங்களே அக்குழந்தை வகுப்பில் அமர்ந்தது. ஜூலையில் திறக்கப்பட்ட பள்ளிகள் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அக்டோபர் நடுவில் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் திறக்கப்பட்டு, மே மாதத்தில் மறுபடியும் மூடப்பட்டு, அக்டோபர் முதல் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டன. தமிழின் 247 எழுத்துகளையும் அறிந்து, கூட்டிப் படிக்கவும் பிழையின்றி எழுதவும் பழகுவதற்குரிய பருவம் இவ்விரண்டு ஆண்டுகளே ஆகும். கைபிடித்து எழுதப் பழக்கும் பணியைத் திரையின் வழியே செய்வது எளிதன்று. இடைநிலைப்பள்ளியில் மலாய் பயிற்று மொழியாகிவிடுவதால் அங்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கும். ஆகவே, தொடக்கப்பள்ளியில் நழுவிய தமிழ் எழுத்தறிவைப் பின்னர் மீட்டெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இதுவே ஏனைய பாட இழப்புகளினின்றும் இதனை வேறுபடுத்துகிறது.

சமவாய்ப்பு

கல்வி அமைச்சு 2020இல் பெற்றோரிடையே நடத்திய கணக்கெடுப்பு, 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எவ்வித மின்கருவியும் இல்லை என்பதை வெளிப்படுத்தியது. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. எனினும், அத்திறன்பேசி யார் கையில், எந்நேரத்தில் இருந்தது என்பதை இவ்வெண்கள் கூறா.

கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்த தெலுக் பங்லிமா காராங், கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே அமைந்த தொழிற்பேட்டை நகரம். அதனை அடுத்துள்ள கேரித் தீவு செம்பனைத் தோட்டங்கள் நிறைந்தது. இத்தகைய ஊரில் தொழிற்சாலையில் முறைநேர வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ திறன்பேசியையும் உடன் எடுத்துச் செல்வது இயல்பு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே திறன்பேசி இருப்பின், காலை வகுப்பு யாருக்கு என்னும் வினா எழுகிறது. 150,000 மாணவர்க்கு மின்கருவி வழங்க 2021இல் தொடங்கப்பட்ட ‘செர்டிக்’ திட்டம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், கருவியுடன் இணைய வசதியும், அமர்ந்து படிக்க ஓர் இடமும், அருகிருந்து வழிகாட்ட ஒருவரும் வாய்த்தாலன்றிச் சமவாய்ப்பு நிறைவு பெறாது.

மீள்திறன்

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்கு 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிகோலியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது அச்சட்டம். பின்னர் மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். பள்ளிகள் பல தோட்டத்திலேயே தங்கின. எனவேதான், 150க்கும் குறைந்த மாணவர்களைக் கொண்ட சிறுபள்ளிகள் தமிழ்ப்பள்ளிகளுள் மிகுதியாக உள்ளன. கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரும்பள்ளிகளின் சிக்கல் இடநெருக்கடி. சிறுபள்ளிகளின் சிக்கல் ஆள்குறைவு. ஆனால், பேரிடர்க் காலத்தில் சிறுமையே வலிமையாகவும் அமையக்கூடும். ஒவ்வொரு மாணவனின் வீட்டையும் ஆசிரியர் அறிந்திருப்பதும், இடைவெளி விட்டு அமர இடம் இருப்பதும் சிறுபள்ளிக்கே உரிய நன்மைகள். பள்ளியின் மீள்திறன் கட்டடத்தில் மட்டுமின்றி ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உள்ள உறவிலும் அடங்கியுள்ளது எனலாம்.

புத்தாக்கம்

புத்தாக்கம் என்றவுடன் கணினியையே நாம் எண்ணுகிறோம். கல்வி அமைச்சின் இல்லிருப்புக் கற்றல் கையேடோ இணையவழி, இணையமில்லா வழி, வகுப்புக்கு வெளியே செய்யும் செயல்திட்டம் என மூன்று வழிகளை வகுத்தது. 2021 பிப்ரவரியில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. அச்சிட்ட பயிற்சித்தாளை வீட்டுக்கு அனுப்பித் திருத்தித் தருவதும், பாட்டியிடம் கதை கேட்டு எழுதி வரச் செய்வதும் புத்தாக்கமே. தமிழ்ப்பள்ளிக்கு இங்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு: மலாயோ ஆங்கிலமோ நன்கறியாத மூத்தோரும் தமிழில் கற்றல் துணைவர் ஆகலாம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டதும் வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்றது. மாணவனின் குறையை அவ்வப்போது கண்டு களைய இது துணைபுரியும். மதிப்பீடு வெறும் பதிவேட்டுப் பணியாகச் சுருங்கினாலோ, எழுத்தறியாத மாணவனும் யார் கண்ணிலும் படாமல் ஆறாம் ஆண்டைக் கடந்துவிடுவான்.

முடிவுரை

அனைத்துலக மாணவர் மதிப்பீட்டில் மலேசியாவின் கணிதப் புள்ளி 2018இல் 440ஆக இருந்து 2022இல் 409ஆகவும், வாசிப்புப் புள்ளி 415இலிருந்து 388ஆகவும் இறங்கின. இச்சரிவுக்குப் பெருந்தொற்று ஒன்றே காரணம் எனக் கூறுவதற்கில்லை. எனினும், இழப்பைப் புறக்கணிக்கவும் இயலாது. 2020இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தோர் 2025ஆம் ஆண்டுத் தவணையில் ஆறாம் ஆண்டை எட்டினர். அவர்களுள் எழுத்தறிவில் பின்தங்கியோரை இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பிலேனும் இனங்கண்டு கைதூக்கிவிடுதல் வேண்டும். அடுத்த பேரிடருக்கு ஆயத்தமாவது, சென்ற பேரிடரில் விடுபட்ட பிள்ளையைத் தேடிச் செல்வதிலேயே தொடங்குகிறது என்பது நம் கருத்தாகும்.