இசையை விடாமல் இழிவை மறுத்த ரே சார்லஸ்

பொன்விளைந்த களத்தூர் என்றதும் செங்கல்பட்டு வட்டாரத்துத் தமிழாசிரியர்கள் அந்தகக்கவி வீரராகவ முதலியாரைச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருக்குப் பார்வை இல்லை. முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டிக் கற்பித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. திருக்கழுக்குன்றப் புராணமும் சேயூர்க் கலம்பகமும் அவர் பாடியவை. யாழிலும் வல்லவர் என்பார்கள். கண் இல்லாவிட்டாலும் கற்கவும் அவை ஏறவும் அவருக்கு வழி இருந்தது.

கண்ணும் இல்லை, பிறப்பைக் காட்டி வழியையும் அடைத்துவிட்டார்கள் என்றால் ஒரு கலைஞன் என்ன செய்வான்? அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர் ரே சார்லஸின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

1930 செப்டம்பர் 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். வளர்ந்தது புளோரிடாவின் கிரீன்வில் என்ற சிற்றூரில். தாய் அரீதா ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். தம்பி துவைக்கும் தொட்டியில் மூழ்கி இறந்ததைச் சிறுவன் ரே கண்ணால் பார்த்தார். ஏழு வயதுக்குள் அந்தக் கண்களும் ஒளி இழந்தன. தாய் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. விறகு வெட்டவும் வீட்டு வேலை செய்யவும் பழக்கினார்.

1937இல் செயின்ட் அகஸ்டின் நகரில் இருந்த அரசு பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். பார்வையற்ற வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம், பார்வையற்ற கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு பக்கம். நிறம் என்றால் என்னவென்றே பார்க்க முடியாத குழந்தைகளை நிறத்தால் பிரித்து வைத்திருந்தார்கள். தீண்டாமை கண்ணில் இல்லை, சொல்லிக் கொடுக்கும் மனத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அங்கேதான் பிரெயில் முறையில் இசைக்குறிப்புகளை ஒரு கையால் தடவிப் படித்து, மறு கையால் பியானோ வாசிக்கப் பழகினார். 14 வயதில் தாயை இழந்தார். பள்ளியை விட்டு வெளியேறி, வாசித்தால்தான் சாப்பாடு என்ற நிலையில் ஊர் ஊராகச் சுற்றினார்.

சிறுவயதில் சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் அவர் விரும்பிக் கேட்டது 'கண்ட்ரி' எனப்படும் நாட்டுப்புறப் பாட்டு. அது வெள்ளைக் குடியானவர்களின் சொத்து என்றே சந்தையில் விற்கப்பட்டது. உண்மையில் அதில் ஒலிக்கும் பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கருவியிலிருந்து வந்தது. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் வெள்ளையர் பாட்டுக்கு ஒரு பட்டியல், கறுப்பர் பாட்டுக்கு வேறு பட்டியல் போட்டன. ஊரும் சேரியும் போலப் பாட்டையும் பிரித்துவிட்டார்கள்.

அந்த வேலியை ரே தாண்டினார். இளம் வயதிலேயே புளோரிடாவில் வெள்ளையர்களின் கண்ட்ரி குழு ஒன்றில் பியானோ வாசித்தார். புகழ் பெற்ற பிறகு, 1962இல், கண்ட்ரி பாடல்களையே தன் பாணியில் பாடி ஒரு தொகுப்பு வெளியிட்டார். வேண்டாம் என்று தயங்கியவர்கள் இருந்தார்கள். அவர் கேட்கவில்லை. அதிலிருந்த 'ஐ கேன்ட் ஸ்டாப் லவிங் யூ' என்ற பாடல் அமெரிக்கப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை நம் மாணவர்கள் அறிய வேண்டும். 1961 மார்ச்சில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் அவருக்குக் கச்சேரி. அரங்கின் தளம் வெள்ளையருக்கு, மாடி கறுப்பருக்கு என்று ஏற்பாடு. உள்ளூர் பெயின் கல்லூரி மாணவர்கள் தந்தி அடித்து அதைத் தெரிவித்தார்கள். ரே வாசிக்க மறுத்துவிட்டார். ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கு வந்தது. 757 டாலர் செலுத்த நேர்ந்தது. 1979இல் அதே ஜார்ஜியா, அவர் பாடிப் புகழ் சேர்த்த 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' பாடலை மாநிலப் பாடலாக ஏற்றது. 2004 ஜூன் 10 அன்று அவர் மறைந்தார். கண்ட்ரி இசையின் புகழ்க்கூடத்துக்கு 2021இல்தான் தேர்வானார்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். பறையைச் சாவு வீட்டுக் கடமையாக ஒரு சாதியின் தலையில் கட்டினார்கள். 'இனி அடிக்க மாட்டோம்' என்று கருவியைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அந்த மறுப்பு நியாயமானது. அதே பறையை இன்று மேடையில் தலைநிமிர்ந்து அடிக்கும் மாணவர்களும் உண்டு. அதுவும் நியாயமானதே. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எங்கே, யாருக்காக, எந்த மரியாதையோடு வாசிப்பது என்பதைக் கலைஞனே முடிவு செய்ய வேண்டும்.

ரே சார்லஸ் பியானோவை விட்டுவிடவில்லை. தன் மக்களை மாடிக்குத் தள்ளிய அரங்கைத்தான் விட்டார். நாளை உங்கள் ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்க அழைப்பு வந்தால், கூலி எவ்வளவு என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: 'எங்கள் தெருக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்?'